அது கோழியே இல்லை

இனிமேல் இந்த வீட்டில் கோழி என்று ஒன்று கால் வைக்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம்.

போட வைத்தது ஒரு முட்டை. மனைவி வளர்த்த கோழி அதை என் ஹெல்மெட்டுக்குள் இட்டிருந்தது. தெரியாமல் மாட்டிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி போட்டு விடுகிற நான், கண்ணை மறைத்து மஞ்சள் கரு வழியக் கடைவாசலில் இறங்கினேன். அன்றைக்கே கோழிகள் மாமியார் வீட்டுக்குப் பொட்டலம் ஆயின. மனைவி மறுவார்த்தை பேசவில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போனோம். வழி சொன்னது அவள்தான். ஒரு பண்ணை வேலியோரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"என்னங்க, அது என்ன பறவை?"

சாம்பல் உடம்பு. மேலெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி புள்ளி. தலை மட்டும் வழுக்கை. கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கொண்டு முடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மேனேஜர் மாதிரி நின்றது. நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அதை மனைவியிடம் சொல்ல வாய் வருமா?

"மயில்ல அது ஒரு ஜாதி. பொட்டை. அதான் தோகை இல்ல."

"கோழி மாதிரில்ல இருக்கு."

"உனக்குப் பார்க்கறதெல்லாம் கோழிதான்."

"குப்பையைக் கிளறுதே."

"ஏன், மயில் கிளறாதா?"

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"கண்ணு பார்க்கறதே என் தொழிலு. என்னையே நல்லாப் பாருங்கறியா?"

அதற்குள் பண்ணைக்கார அம்மா வந்துவிட்டாள். "அது கினிக்கோழிங்க."

விடுவேனா? "நீங்க என்ன பேரு வேணா வைங்கக்கா. அது கோழியே இல்ல."

"இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

கல்யாணமாகி முதல் தடவை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அப்ப கோழி இல்ல?"

"இல்ல."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் மாறுற ஆளா?"

"சரி. அப்ப நம்ம வீட்டுல வளர்க்கலாம். உங்க சட்டம் கோழிக்குத்தானே?"

வண்டிச் சாவியைத் தேடினேன். பண்ணைக்கார அம்மா உள்ளே போய், மூடி கட்டிய கூடையொன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"நேத்து போன்ல சொன்னியே தங்கச்சி, அந்த ஜோடிதான். காலையிலயே பிடிச்சு வெச்சுட்டேன்."

கூடை இடுக்கிலிருந்து ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. என்னை அல்ல, என் ஹெல்மெட்டை.