கால எடுத்தியாடா?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் நான் திட்டு வாங்காத இடம் கிடையாது. ரயில்வே கேட், டீக்கடை, மாமனார் வீடு எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் திட்டக்கூடிய ஆள், சிதம்பரம் பிரேக் மெக்கானிக் 'காரம்' ஒருத்தன்தான். அவன் சொந்தப் பெயர் அவன் பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கலாம்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. பலாப்பழம் ஏற்றும் பழைய சின்ன லாரி ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. போன பலா சீசனில் அதன் பிரேக் ஆயில் பைப்புக்குள் காற்று புகுந்து, மிதித்தால் பெடல் கேழ்வரகுக் களி மாதிரி இறங்கியது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, அவன் கீழே சக்கரத்தில் பிரேக் பைப்பின் நுனியில் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூடுவான். அவன் மூடும்வரை நான் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்பி வரும், மாமியார் மாதிரி, பையோடு.

"அமுக்கு! புடி! தூங்குறியாடா மேல?"

"முழிச்சுத்தான் மச்சான் இருக்கேன்!"

"மூஞ்சிக்கு அது தெரியுதா?"

எனக்கும் கோபம் பொங்கியது. மூன்று சக்கரம் முடிந்து நாலாவது நடக்கும்போது பண்ருட்டி வியாபாரி போன் செய்தார். "பழம் வெடிக்குதுய்யா! வர்றியா, வேற வண்டி சொல்லட்டுமா?" போனை எடுக்கச் சாய்ந்ததில் கால் மேலே வந்துவிட்டது.

கீழே இருந்து சத்தம். "கால எடுத்தியாடா?"

"சேச்சே! கல்லு மாதிரி வெச்சிருக்கேன்."

அப்படியே நம்பிவிட்டான், படுபாவி.

வேலை முடிந்தால் காரம் பெடலை மிதித்துப் பார்க்க மாட்டான். டீ கிளாஸோடு நாற்பதடி தள்ளிப் போய் லாரிக்கு எதிரே நிற்பான். நாம் அவனை நோக்கி ஓட்டிப்போய் நிறுத்த வேண்டும். அதுதான் அவன் டெஸ்ட்.

அன்றும் நின்றான். "வாடா!"

வண்டியை நகர்த்தும் முன் பெடலை மிதித்துப் பார்த்தேன். களி. போனில் வியாபாரி. எதிரே காரம், டீயை ஊதிக்கொண்டு.

இன்ஜினை அணைத்து இறங்கினேன். "மச்சான், தள்ளிக்க. கால எடுத்துட்டேன்."

கிளாஸ் என் காதோரம் பறந்தது. "உன் அவசரத்துக்கு எம்பொண்டாட்டி தாலி அறுக்கணுமா? நான் போனா போறேன்! நீ போற வழியில பள்ளிக்கூடம் விட்டு புள்ளைங்க வருமேடா, நாயே!"

நான் மேலே ஏறிப் பெடலில் காலை வைத்தேன்.

திட்டிக்கொண்டே மறுபடி அடியில் படுத்தான். நாலு சக்கரமும் முதலிலிருந்து. பலாப்பழம் வேறு லாரியில் ஏறிப் போய்விட்டது. என் கால் மரத்துப்போனது, ஆனாலும் எடுக்கவில்லை.

முடித்ததும் புது டீயோடு அதே நாற்பதடியில் போய் நின்றான். இந்தத் தடவை லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஏன் மச்சான் திரும்பி நிக்கிற?"

"உன் மூஞ்சியப் பாத்தா கோவம் வருது. ஓட்டு!"

ஓட்டினேன். மிதித்தேன். ஒரு பலாப்பழம் வைக்கிற இடைவெளியில் லாரி நின்றது. அவன் திரும்பவே இல்லை; டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

காரத்தின் மூக்கை, நடையை, வாயை எல்லாம் ஊர் முழுக்கக் கிண்டல் அடித்திருக்கிறேன். அந்த முதுகை மட்டும் இதுவரை கிண்டல் அடித்ததில்லை.