குளிரில் ரெண்டாவது கியர் அவளுக்கு மட்டும் விழுகிறது

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுவது. நீயும் என் தங்கச்சியும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், நீ அதை நம்ப வேண்டாம். உன் அண்ணன் போனபிறகு வருகிற முதல் குளிர் இது. போனில் சொல்லலாம் என்றால் நீ "சரி அண்ணி, சரி அண்ணி" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பிக்கப் வண்டியை அவர் சரக்கு ஏற்றி ஓட்டின கண்ணாடிக் கடைக்கே கொடுத்துவிடலாம் என்று நீ முதலாளியிடம் பேசி முடித்துவிட்டாய் அல்லவா, அது நடக்காது. கடைக்குப் போனால் ஓட்டப்போவது அங்கே வேலை செய்கிற ஒரு சிவப்புக் குல்லாக்காரி, அவள் கதையைக் கீழே சொல்கிறேன். அவள் கைக்குப் போவதைவிட அது பழைய இரும்புக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து வேறு யார் தலையிலாவது கட்டிவிடு. அண்ணிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று என் தங்கச்சியிடம் சொல்லாதே. முழுக்கப் படித்துவிட்டுச் சொல்.

உன் அண்ணன் வீட்டில் பேசுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். காலையில் எழுந்து வந்து சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். நான் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை வராது. அப்புறம் கீழே முற்றத்துக்குப் போய் வண்டியில் ஏறினாரென்றால் அவ்வளவுதான், தேன் ஒழுகும். "என்ன ராசாத்தி, குளிருதா? அவசரமே இல்லை. மெதுவா, மெதுவா." எனக்கு இதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவை ராசாத்தி என்று கூப்பிட்டிருப்பாரா? "இந்தா", "ஏய்", "எங்க இருக்க" இதுதான் எனக்கு வைத்த பெயர்கள். அந்த வண்டி என்ன லேசுப்பட்டதா? குளிர் வந்தால் போதும், நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் செய்ததுமே தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கடகட என்று புலம்பும். கிளட்சை மிதித்தால் சத்தம் நின்றுவிடும், காலை எடுத்தால் மறுபடியும் புலம்பும். "உள்ளே எண்ணெய் கெட்டியாக் கிடக்கு, பாவம், பல்சக்கரம் சுத்தக் கஷ்டப்படுது" என்பார். எனக்கு முட்டி வலி, அதற்கு யாரும் பாவம் என்று சொன்னதில்லை. சத்தம் மெலிகிறவரை சும்மா உட்கார்ந்திருப்பார். அப்புறம் முதல் கியர் போடுவார். ரெண்டாவது கியருக்கு லீவரை நேரே இழுக்கமாட்டார், மூணாவது பக்கம் ஒரு தொடு தொட்டுவிட்டுத் திரும்பி வந்து போடுவார், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். மற்றவர்கள் போட்டால் நறநறவென்று பல்லைக் கடிக்கும். பின்னால் ஏற்றியிருப்பது ஜன்னல் கண்ணாடி, ஒரு குலுக்கல் குலுக்கினால் முதலாளிக்கு ஒரு கண்ணாடி நஷ்டம், அதனால்தான் இத்தனை பதமாக ஓட்டுகிறார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "இதையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாமே!" மனிதர் யோசித்துவிட்டுச் சொல்கிறார், "அதுக்கு டீ போடத் தெரியாதே."

அவர் போனபிறகு நீதான் சொன்னாய், "பேட்டரி இறங்கிடும் அண்ணி, அப்பப்போ ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று. செய்தேன். கண்ணாடியெல்லாம் பனி படர்ந்து கிடந்த ஒரு காலையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கிளட்சிலிருந்து காலை எடுத்தேனோ இல்லையோ, ஆரம்பித்துவிட்டது கடகட. அது அவரைத் தேடித்தான் அழுகிறது என்று பட்டது, தம்பி. எனக்கு வந்ததே கோபம். நான் அழுதே இன்னும் முடியவில்லை, அதற்குள் இவளுக்கு என்ன அழுகை? யார் அவருக்குப் பெண்டாட்டி? "வாயை மூடுடி!" என்று கத்திவிட்டேன். மாடி வீட்டுப் பாட்டு வாத்தியார் அப்போதுதான் பால்கனியில் நின்றிருக்கிறார். "நான் இன்னும் வாயே திறக்கலையேம்மா" என்றார், முகம் செத்துப்போய். வண்டியைச் சொன்னேன் என்று விளக்கியதும் அவருக்குத் தைரியம் வந்து, அந்தச் சத்தம் சுருதி விலகிக் கத்துவதாகவும், அதைக் கேட்டுக் கேட்டு அவரிடம் படிக்கிற பிள்ளைகளும் விலகிப் பாடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மனசு கேட்கவில்லை. அவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்தது, குளிரில் கிடந்து தவிக்கிறதே என்று வெந்நீர்ப் பையை எடுத்துப்போய் கியர் லீவரைச் சுற்றிக் கட்டினேன், மேலே அவருடைய மப்ளரையும் சுற்றினேன். பை ஓட்டை. சீட்டெல்லாம் ஈரமாகி, மறுநாள் காலையில் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவன் உள்ளே பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "அக்கா, கியர்பாக்ஸ் இருக்கிறது கீழே. நீங்க கைப்பிடிக்கு ஒத்தடம் குடுத்திருக்கீங்க." சிரித்து முடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினான். அவனுக்கு எங்கே பொறுமை? ஏறின சூட்டோடு முதல் கியர், உடனே ரெண்டாவது. வண்டி நறநறவென்று கடித்தது பார், மாடியில் வாத்தியார் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. இவனும் விடாமல் குத்தித் திணித்ததில் வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பக்கத்து வீட்டுக் கொடிக்கயிற்றில் போய் நின்றது. அந்த வீட்டுக்காரியின் போர்வை முன்கண்ணாடியை மூடிக்கொண்டது, இவன் திசை தெரியாமல் உள்ளேயிருந்து ஹாரனை அடிக்கிறான். போர்வையைத் துவைத்துக் கொடுத்தது நான்தான். இறங்கி வந்தவன் எண்ணெயை மாற்றணும் என்றான், அது இது என்றான், கடைசியில், "ரெண்டாவது கியர்ல உள்ளே பித்தளை வளையம் தேஞ்சுபோச்சுக்கா. குளிர்ல இனிமே யாருக்கும் விழாது" என்றான். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் மனசுக்கு இதமாக இருந்தது. பரவாயில்லை, இவளுக்கும் ரோஷம் இருக்கிறது, அவர் கை தவிர வேறு கைக்கு இணங்கமாட்டாள் என்று அன்றைக்கு அந்த வண்டியின் முகத்தைத் துடைத்துவிட்டு வந்தேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. போன வியாழக்கிழமை முதலாளி அனுப்பினார் என்று வந்து நிற்கிறாள் ஒருத்தி. கடையில் கண்ணாடி வெட்டுகிறவளாம், லைசென்ஸ் இருக்கிறதாம். என்னைவிடச் சின்னவள், என்னைவிட உயரம், தலையில் ஒரு சிவப்புக் குல்லா. குல்லா அவளுக்குப் பொருத்தமாக வேறு இருந்தது. "வாங்க, ஓட்டித்தான் பாருங்களேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, போர்வைக்காரியையும் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றேன். ஸ்டார்ட் செய்தாள். கடகட கிளம்பியது. அவள் ஒன்றுமே செய்யவில்லை தம்பி. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். சத்தம் மெலிந்தது. முதல் கியர் போட்டாள். அப்புறம் மூணாவது பக்கம் ஒரு தொடு தொட்டுவிட்டுத் திரும்பி வந்து ரெண்டாவதைப் போட்டாள். ஒரு முனகல்கூட இல்லை. எதிரே மேட்டில் வண்டி புதுப்பெண் மாதிரி அடக்க ஒடுக்கமாக ஏறிப்போகிறது. போர்வைக்காரி, "பரவாயில்லையே, கெட்டிக்காரியா இருக்காளே" என்கிறாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த ஒரு தொடு இருக்கிறதே, அது அவருடையது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே போய் வந்தவள் நான். இவள் எங்கே உட்கார்ந்து பார்த்தாள்? என் சீட்டிலா? திரும்பி வந்து இறங்கியதும் கேட்டேன், "யார் சொல்லிக்குடுத்தா உனக்கு?" "அண்ணன்தான்க்கா" என்கிறாள், சிரித்த முகமாக. அண்ணனாம்! "வண்டியைக் குடுக்கிறதா இல்லை" என்று சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன். அதிலிருந்து அடுப்பில் வைத்தது எல்லாம் தீய்கிறது. கண்ணாடி இறக்க நேரமாகிவிட்டது என்று அவர் தாமதமாக வந்த நாளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு குடைகிறேன். உயிரோடு இருந்தால் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து கேட்டிருப்பேன், பதில் வருகிறவரை டீ கிடையாது என்றிருப்பேன். செத்துப்போனவரோடு எப்படித் தம்பி சண்டை போடுவது? அழவும் முடியவில்லை. அழ உட்கார்ந்தால் அந்தச் சிவப்புக் குல்லா கண்ணில் வந்து நிற்கிறது, அழுகை கோபமாகிவிடுகிறது. அந்த மனிதருக்காக அழுவதற்காவது எனக்குப் பாத்தியதை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி கண்ணெதிரே நிற்கிறவரைக்கும் இது தீராது. அதனால்தான் சொல்கிறேன், வந்து கொண்டுபோய்விடு. குல்லாக்காரி தவிர யாருக்கு வேண்டுமானாலும் கொடு.

பிள்ளைகளைக் குளிரில் வெளியே விடாதே. என் தங்கச்சிக்கு என் அன்பு. அவளோடு காலையில் நாலு வார்த்தை பேசு, அண்ணன் மாதிரி இருக்காதே. உங்கள் எல்லோரையும் மனசார வாழ்த்துகிறேன், என் மனசு இப்போது இருக்கிற இருப்பில் அதில் எவ்வளவு பலிக்குமோ தெரியாது.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் குல்லாக்காரி. "அக்கா, என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, போயிடறேன்" என்கிறாள். உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டேன், "அவர் உனக்கு என்னன்னு சொல்லிக்குடுத்தார்? ஒரு வார்த்தை விடாம சொல்லு." அவள் தயங்கினாள். "கோவிச்சுக்க மாட்டீங்களே? கடை வாசல்ல எங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டுத்தான் சொல்லுவாரு. 'குளிர்ல இந்த கியர் எங்க வீட்டுக்காரி மாதிரி. எழுந்ததும் எதுவும் கேக்கக் கூடாது, கேட்டா பல்லைக் கடிப்பா. பக்கத்துல சும்மா உக்காந்திருக்கணும். முகம் தானா தெளியும், அப்புறம் கேக்காமலே எல்லாம் குடுப்பா. நான் முதல்ல அவகிட்டதான் கத்துக்கிட்டேன், அப்புறம்தான் வண்டி ஓட்ட வந்துச்சு'ன்னு." எனக்கு மானம் போய்விட்டது. "எல்லாரும் சிரிச்சிருப்பீங்க!" "சிரிச்சோம்க்கா. வண்டியை ஏன் ராசாத்திங்கறீங்கன்னு ஒருநாள் கேட்டோம். 'வீட்ல அப்படிக் கூப்பிட்டா என்ன வேணும் உங்களுக்குன்னு கேப்பா, அதான் இங்க சொல்லிக்கிறேன்'னாரு." உண்மைதான் தம்பி, நான் அப்படித்தான் கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு வாசலிலேயே உட்கார்ந்து நான் அழுத அழுகையில் பாட்டு வாத்தியார் இறங்கி வந்துவிட்டார். இந்தத் தடவை சுருதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் மேலே எழுதியது எதையும் செய்யாதே. வரவேண்டாம். வண்டி யாருக்கும் கிடையாது, கடைக்கும் கிடையாது, முதலாளியிடம் நீயே சொல்லிவிடு. குல்லாக்காரி தினமும் காலையில் வந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்றிருக்கிறாள், நல்ல பெண். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், உன் மனசோடு வைத்துக்கொள். அவள் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு பொறாமை போய் இன்னொன்று வந்திருக்கிறது. என்னிடம் பேசாததையெல்லாம் அந்த மனிதர் என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசியிருக்கிறார். அவர் கண்ணாடி இறக்கின கடை, கட்டடம், மேஸ்திரி, காவல்காரன் என்று எத்தனை பேரிடம் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாரோ, எனக்குச் சேரவேண்டியதை அவர்கள் எல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இடமாகப் போய்க் கேட்டு வாங்கப்போகிறேன். இன்றைக்கே அவள் கொஞ்சம் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு முதல் கியர்தான் விழுந்திருக்கிறது. பரவாயில்லை, முதல் கியரிலேயே போகிற தூரத்தில் அவர் கண்ணாடி இறக்கின ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறதாம்.