கழன்ற கதவும் மூன்று அரசுகளும்

அரசாங்கம் மூன்று அடுக்குகளைக் கொண்டது. கீழே நகராட்சி, நடுவில் மாகாண அரசு, மேலே மத்திய அரசு. மூன்றும் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடாமல் மக்களுக்குத் தொண்டாற்றி வருகின்றன. எட்டாம் வகுப்புக் குடிமையியல் புத்தகம் இதை மூன்று வண்ணக் கட்டங்கள் போட்டு விளக்கியிருந்தது. தெருவிளக்கும் கட்டடங்களும் முதல் கட்டம். கல்வியும் ஆஸ்பத்திரியும் இரண்டாம் கட்டம். ராணுவமும் தபாலும் மற்ற பெரிய விஷயங்களும் மூன்றாம் கட்டம். குடிமையியல் டீச்சர் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்ததிலிருந்து ஒன்பது வருஷமும் இந்தக் கட்டங்களைக் கரும்பலகையில் வரைந்து, சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டு வந்தாள். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பாடம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

இந்த வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பள்ளி முழுக்க அவளுக்கு வாயாடி என்று பெயர்.

"டீச்சர், எங்க பாத்ரூம் கதவு எந்தக் கட்டத்துல வரும்?"

பையன்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளைகளில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

மேற்படி கதவு மூன்று மாதத்துக்கு முன்பு கீல் துருப்பிடித்துக் கழன்று விழுந்தது. தலைமையாசிரியர் அதை மரியாதையாகத் தூக்கி வெளிச்சுவரில் சாத்தி வைத்தார். அன்றிலிருந்து பெண்பிள்ளைகள் வெயில் காலத்திலும் குடை கொண்டுவந்தார்கள். இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வாசலில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதற்கும் கூச்சப்பட்டவர்கள் இன்னும் சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. போன வாரம் காலைக் கூட்டத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். நிலைமையின் தீவிரத்தை உணர்ந்த தலைமையாசிரியர் உடனடி நடவடிக்கையாகக் காலைக் கூட்டத்தை ஐந்து நிமிடம் குறைத்தார்.

ஆசிரியைகளின் கழிப்பறைக்குக் கதவும் இருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது. அதனால்தான் இந்தக் கேள்வி மூன்று மாதமாகத் தனக்குத் தோன்றவில்லை என்று டீச்சருக்கு அப்போது உறைத்தது. வெட்கமாகிவிட்டது.

"கண்டுபிடிச்சுச் சொல்றேன், உட்காரு" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்துக் கல்வித்துறையில் ஒரு புது மோகம் கிளம்பியிருந்தது. 'களத்தில் கற்போம்' என்று அதற்குப் பெயர். எந்தப் பாடமானாலும் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் 'அமைதியில் கற்போம்' இருந்தது. அதில் யாரும் பேசக்கூடாது. டீச்சர் அனுமதி கேட்டதும் தலைமையாசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க டீச்சர். கதவு வராட்டியும் பரவாயில்ல, போட்டோ வரணும். பின்னாடி ஆபீஸ் போர்டு தெரியணும்."

வாயாடியோடு சேர்த்து ஐந்து பெண்கள், ஐந்து நோட்டுகள், ஒரு கேமரா. முதலில் நகராட்சி. 'விசாரணை' என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க், போட்டோ எடுப்பார்கள் என்றதும் தலையை வாரிக்கொண்டார்.

"கதவு இப்ப எங்க இருக்கு?"

"சுவத்துல சாத்தி வெச்சிருக்கோம் சார்."

"அங்கதான் சிக்கலே. மாட்டியிருந்தா அது கட்டடம். கட்டடம் எங்க பொறுப்பு. சாத்தியிருந்தா அது தளவாடம். பெஞ்சு, மேசை மாதிரி. தளவாடம் மாகாண அரசோட கல்வி ஆபீஸ்."

வாயாடி பென்சிலை நிறுத்தினாள். "அப்ப கழலுறதுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கணுமா சார்?"

"கழலாத கதவைப் பத்தி எதுக்கும்மா புகார் குடுக்கணும்?"

இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று டீச்சரால் சொல்ல முடியவில்லை. ஐந்து பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மாகாணக் கல்வி அலுவலகம் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது. அங்கிருந்த சூப்பிரண்டு தங்கமான மனிதர். எல்லாரையும் உட்காரச் சொன்னார். கதவைப் பற்றிச் சொன்னதும் மேசையைத் தட்டினார்.

"எங்க கதவுதான்! எவன் இல்லன்னு சொன்னான்? நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

டீச்சருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ரொம்ப நன்றி சார். நாளைக்கே மாட்டிடுவாங்களா?"

"மாட்டவா? நம்பர் எழுதறதுக்கும்மா. ஒவ்வொரு தளவாடத்துக்கும் நம்பர் இருக்கணும்."

"மாட்டுறதுக்கு?"

"மாட்டினா அது கட்டடம் ஆயிடும்ல? மாகாண அரசோட பொருளை நகராட்சிக்கு நானே தாரை வார்த்துக் குடுக்க முடியுமா? என் வேலை போயிடும்."

"அப்ப யார்தான் சார் மாட்டணும்?"

"ஒரு அரசோட பொருள் இன்னொரு அரசுக்குப் போகுதில்ல? ரெண்டு அரசுக்கு நடுவுல எந்த விவகாரம் வந்தாலும் அது மத்திய அரசு. உங்க புத்தகத்துலயே இருக்குமே, எத்தனாவது பக்கம்?"

"நாப்பத்திரெண்டு" என்றாள் டீச்சர் மெல்லிய குரலில். ஒன்பது வருஷமாக அவள் நடத்திய பக்கம்.

சொன்ன சொல் தவறாமல் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆள் வந்தார். கதவில் வெள்ளைப் பெயின்டால் நம்பர் எழுதினார். கை பட்டுவிடாமல் காயும்வரை காவலும் இருந்தார். அரசாங்கம் வேலையே செய்வதில்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மத்திய அரசின் கிளை அலுவலகம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர் நடுக்கியது. மேசை, நாற்காலி பழைய மோஸ்தர் என்று எடுத்துவிட்டார்களாம். எல்லாரும் மெத்தென்ற உருண்டைகளில் புதைந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். இளம் அதிகாரி சாக்ஸ் போடாமல் ஷூ போட்டிருந்தார்.

"பிரச்சினைன்னு சொல்லாதீங்க மேடம், வாய்ப்புன்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். பெரிய திரையில் பள்ளியின் விவரம் வந்தது. "மாணவர் கழிப்பறை ரெண்டு, கதவு ரெண்டு. பாருங்க, பச்சை காட்டுது."

"ஒரு கதவு விழுந்திடுச்சு சார்."

"எங்க விழுந்துச்சு? ஸ்கூலுக்குள்ளதானே?"

"ஆமா."

"அப்ப ரெண்டுங்கறது சரிதானே? எத்தனை இருக்குன்னுதான் நாங்க கேட்டிருக்கோம். எப்படி இருக்குன்னு கேக்கல."

வாயாடிக்குப் பொறுக்கவில்லை. "காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நாங்க யாரும் தண்ணியே குடிக்கறதில்ல சார்!"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? இதை ஏன் முன்னாடியே சொல்லல? தண்ணீர் சிக்கனத்துலயும் உங்க ஸ்கூலுக்குப் பச்சை போட்டுடலாம்."

போட்டார். அவர்கள் கண்முன்னாலேயே.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த டீச்சர் பையை ஒரு மூலையில் எறிந்தாள். தச்சு வேலை செய்யும் அவள் தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தான். நடந்ததெல்லாம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏன்க்கா, ரெண்டு கீல், எட்டு ஸ்க்ரூ. இதுக்கா மூணு ஆபீஸ் ஏறி இறங்கின? வீட்டுல ஒருத்தன் இருக்கறது ஞாபகம் வரலையா?"

வரவில்லைதான். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் தம்பியைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருபது நிமிடத்தில் அவன் கதவை மாட்டினான். புதுத் தாழ்ப்பாளும் வைத்து, போட்டு எடுத்து, போட்டு எடுத்துப் பார்த்தான். திங்கட்கிழமை பெண்பிள்ளைகள் குடத்துத் தண்ணீரைப் பதினோரு மணிக்கே காலி செய்தார்கள். தாழ்ப்பாள் போடும் சத்தத்தைக் கேட்பதற்காகவே சிலர் இரண்டாம் தடவை போய் வந்தார்கள். டீச்சர் வகுப்பு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையில் சேர்ந்த பிறகு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

புதன்கிழமை கடிதம் வந்தது. தலைமையாசிரியர் அனுப்பி வைத்திருந்த மாணவிகளின் நோட்டுகளும் படங்களும் 'களத்தில் கற்போம்' போட்டியில் முதல் பரிசு பெற்றிருந்தன. 'மூன்று அரசுகளின் பொறுப்புகளும் இத்துணைத் தெளிவாக இதற்குமுன் விளக்கப்பட்டதில்லை' என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள். மூன்று அரசுகளின் அதிகாரிகளும் நேரில் வந்து பரிசு தருவார்கள்.

தலைமையாசிரியர் வியர்த்துப்போனார். "டீச்சர், பரிசே கதவு இல்லாததுக்குத்தானே? அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கழட்டி வெச்சிடலாமா?"

"கதவைக் கழட்டினா நான் அன்னைக்கோட வேலையை விட்டுடறேன் சார்."

இப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று டீச்சரே எதிர்பார்க்கவில்லை.

விழா அன்று நகராட்சி ஆணையர், மாகாண இயக்குநர், மத்திய அரசின் இணைச்செயலர் மூவரும் வந்தார்கள். புகழ்பெற்ற கதவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூட்டமாகப் போனார்கள். கதவு கம்பீரமாக மாட்டியிருந்தது.

"யார் பண்ணின வேலை இது?" என்றார் ஆணையர். "அனுமதி வாங்காம கட்டட வேலை?"

"எங்க பொருளை யார் தொட்டது? நம்பர் போட்டிருக்கு, கண்ணு தெரியலையா?" என்றார் இயக்குநர்.

இணைச்செயலர் டீச்சரின் பக்கம் திரும்பினார். மேடைக்குப் பலகை அடிக்க வந்திருந்த தம்பி சுத்தியலோடு பின்னால் நின்றான். 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு பத்திரிகைக்காரர் கேமராவோடு உள்ளே புகுந்தார்.

"அருமையான கதவு! யார் பண்ணின வேலை சார் இது?"

"நாங்கதான்" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

மூன்று அரசுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

ஒரு வாரத்தில் மூன்று பளிங்குக் கல்வெட்டுகள் வந்தன. 'இக்கதவு நகராட்சியால் பொருத்தப்பட்டது', 'இக்கதவு மாகாண அரசால் பொருத்தப்பட்டது', 'இக்கதவு மத்திய அரசால் பொருத்தப்பட்டது'. சுவர் கட்டடம், அதில் வைத்தால் பெருமை முழுக்க நகராட்சிக்கே போய்ச் சேரும் என்பதால் மூன்றையும் கதவிலேயே பதிப்பது என்று தீர்மானமானது. மத்திய அரசின் கல் மேலே, அளவிலும் பெரியது.

"சார், கதவு தாங்காது" என்றான் தம்பி.

"தாங்குமா தாங்காதாங்கறது எங்க துறை இல்ல" என்றார் கல் கொண்டுவந்தவர்.

அதே வாரம் டீச்சருக்கு வேலை நிரந்தரமானது. கூடவே ஒரு பதவியும் வந்தது. 'முத்தரப்புக் கதவு ஒருங்கிணைப்பாளர்'. தனி மேசை, ரப்பர் ஸ்டாம்ப், ஒரு உத்தரவு. கல்வெட்டு பொருத்திய கதவை மூன்று அரசுகளின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் யாரும் தொடக்கூடாது, மீறினால் ஒருங்கிணைப்பாளரே முழுப் பொறுப்பு என்று அதில் இருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்தவள். சந்தோஷத்தில் அந்தக் கடைசி வரியை அவள் சரியாகப் படிக்கவில்லை. ஸ்டாம்பைத்தான் பழைய பேப்பரில் நாலு தடவை குத்திப் பார்த்தாள்.

நாலாம் நாள் கதவு மூன்று அரசுகளோடும் சேர்ந்து கீழே விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. கல்வெட்டுகளுக்கும் ஒரு கீறல் இல்லை. நாலு ஆள் சேர்ந்து அதைச் சுவரில் சாத்தினார்கள்.

மூச்சிரைக்க ஓடி வந்தாள் வாயாடி.

"டீச்சர், உங்க தம்பியைக் கூப்பிடுங்க! கல்லை எடுத்துட்டு மாட்டினா நிக்கும்."

டீச்சரின் கை போனுக்குப் போனது. பிறகு மேசைமேல் இருந்த உத்தரவில் கண் போனது. இந்த முறை கடைசி வரியை நன்றாகவே படித்தாள். கை ஸ்டாம்பின் பக்கம் வந்து நின்றது.

"எழுத்துல குடும்மா" என்றாள். சொல்லும்போதே நாக்கு கசந்தது. "மூணு காப்பி. எந்த நிலையில விழுந்திருக்குன்னு தெளிவா போடணும்."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தாள். வாயாடி நோட்டிலிருந்து மூன்று தாளைக் கிழித்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை மூன்று காப்பியோடு வந்து நின்றாள்.

டீச்சர் வாங்கிப் படித்தாள். பொருள், பார்வை, தேதி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. 'தற்சமயம் தளவாடமாக உள்ள மேற்படி கதவைக் கட்டடமாக மாற்றித்தர' என்று வேண்டியிருந்தாள். ஒரு பிழை இல்லை. ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு பிள்ளை குடிமையியலைப் புரிந்துகொண்டதில்லை. படிக்கப் படிக்கப் பெருமை தாங்காமல், என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று காப்பியிலும் பத்துக்குப் பத்து போட்டு, 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தாள்.

வாயாடி மூன்றையும் புரட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"மார்க் போட்டுட்டீங்களே டீச்சர். மார்க் போட்டா இது மனு இல்ல, விடைத்தாள். விடைத்தாளை வெச்சு யாரும் கதவு மாட்ட மாட்டாங்க. இருங்க, புதுசா எழுதிட்டு வரேன்."

அதில் எந்தத் தப்பும் இல்லாததால், டீச்சர் தலையாட்டினாள்.