இருநூற்றுப் பதிமூன்றாம் பக்கம்

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் அபுபக்கர், தாம் படிக்கப் போவதாக அறிவித்தார். வயது ஐம்பத்திரண்டு. கடைசியாக அவர் படித்துப் பார்த்தது எங்கள் கல்யாணப் பத்திரிகையை. அதில் என் பெயரில் இருந்த பிழை அவர் கண்ணில் படவில்லை.

விஷயம் இதுதான். போடியில் எங்களுக்கு ஏலக்காய் ஸ்டோர், காயைத் தரம் பிரித்து மூட்டை கட்டி அனுப்புகிற இடம். எங்களிடம் காய் எடுக்கும் கொச்சிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இனிமேல் ஒவ்வொரு ஸ்டோரிலும் ஒருவர் அவர்கள் வைக்கும் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். ஈரம், பூஞ்சை, பூச்சிமருந்து மிச்சம், மூட்டை கட்டுவது என்று எல்லாமே பாடம். பாடம் இணையத்தில் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பரீட்சை தேனியில், இரண்டு தவணையாக; எங்களுக்கு இரண்டாவது, ஆறு வாரம் கழித்து. ஆள் தேறாத ஸ்டோரில் காய் எடுக்க மாட்டார்கள். எங்கள் சரக்கில் முக்கால்வாசி அவர்களுக்குத்தான் போகிறது.

நான் எழுதட்டுமா என்று கேட்டேன். கான்வென்ட்டில் படித்தவள், பி.எஸ்சி. தாவரவியல் வேறு. கல்யாணமான நாளிலிருந்து, ஸ்டோரில் வந்து உட்கார்கிறேன், போன் கடிதமெல்லாம் நான் பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இருபத்து நாலு வருடமாக ஒரே பதில்.

"வியாபாரம் நடக்குற எடத்துல வீட்டுப் பொம்பளைக்கு என்ன சோலி?"

அந்த இடத்தில் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் பிரிக்கிறார்கள். பதின்மூன்றாவதாக ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடுமாம்.

மகள் ஜன்னத் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். ஏலக்காய் வியாபாரி சரக்குப் பார்ப்பது எப்படியென்றால், மூட்டையில் கையை விட்டு மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுப்பார். தட்டில் போட்டுக் குலுக்குவார். ஒன்றைக் கடிப்பார். அவ்வளவுதான், மூட்டையின் ஜாதகமே வந்துவிடும். இவர் பாடத்தையும் அப்படித்தான் பார்த்தார். முதலில் ஒரு பக்கம், நடுவில் ஒரு பக்கம், கடைசியில் ஒரு பக்கம். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

"பாத்தாச்சு. நல்ல சரக்கு."

கடைசிப் பக்கத்தில் இருந்தது பாடம் தயாரித்தவர்களின் பெயர்ப் பட்டியல். பாடத்தோடு ஒரு மாதிரித் தேர்வும் கொடுத்திருந்தார்கள். எழுதினார். ஐம்பதுக்கு ஏழு.

அதன் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தார். தினமும் காலையில் எட்டுப் பக்கம் படிப்பார், மூடிவிட்டுப் போவார். மறுநாள் திறந்தால் முதல் பக்கம் வந்து நிற்கும். விட்ட இடத்துக்குப் போகத் தெரியாது. கேட்க மனம் வராது. அதனால் முதல் பக்கத்திலிருந்தே மறுபடி ஆரம்பிப்பார். ஒன்பது நாளில் கம்பெனித் தலைவரின் முன்னுரையை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிக்கும் அளவுக்கு முன்னேறினார். ஈரத்தைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்.

பொறுக்க முடியாமல் சொன்னேன். இடது பக்கம் தலைப்பு வரிசை இருக்கிறது, தொட்டால் அந்தப் பாடத்துக்கே போகும். நிறுத்திய இடத்தில் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். எழுத்தைப் பெரிசாக்கலாம். ஒரு வார்த்தையைத் தட்டினால் அது வரும் இடமெல்லாம் காட்டும்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

அவருக்குத் தெரிந்தது மறுநாள் எனக்கும் தெரிந்தது. சாம்பிள் பையில் ஒட்டும் லாட் நம்பர் ஸ்டிக்கரை எடுத்து, நிறுத்திய வரிக்கு நேராகத் திரையில் ஒட்டியிருந்தார். காலையில் திறந்தார். ஸ்டிக்கர் அங்கேயே இருந்தது, வரியைக் காணோம். லேப்டாப் கெட்டுப்போச்சு என்று மகளுக்குப் போன் போட்டார். அவள் என்னைக் கூப்பிட்டு, பேச முடியாமல் சிரித்தாள்.

அடுத்த வாரம் அவருக்குக் கண் எரிய ஆரம்பித்தது.

"நீ வாசி புள்ள, நான் கேட்டுக்கிறேன்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கட்டிலில், நான் மேஜையில். இரண்டாம் பக்கத்தில் குறட்டை வரும். குறட்டை முடிந்து எழுந்ததும் அதே எரியும் கண்ணால், கண்ணாடி போடாமலே, போனில் பொடி எழுத்தில் அன்றைய ஏல விலையைப் பார்ப்பார். மூன்றாவது வாரம் கேட்பதையும் நிறுத்திவிட்டார். எல்லாவற்றையும் படித்துச் சுருக்கமாக எழுதி வைக்கும்படியும், பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்வதாகவும் உத்தரவு.

ஸ்டோரில் காய் பிரிக்கிறவர்களுக்கு மூத்தவள் செல்லத்தாய். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் வாசலில் நின்றாள்.

"பாயம்மா, இத நான் சொன்னேன்னு சொல்லிராதீக. பொண்டாட்டிய உழுக விட்டுட்டு நான் அறுத்துக்கிருவேன்னு பாய் ஜக்கையன்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு."

ஜக்கையன் எதிர் ஸ்டோர்க்காரர்.

அன்று ராத்திரி அவருக்கு ரசம்தான். ஆனால் படிப்பை நான் விடவில்லை. அதற்குள் எனக்கே ருசி வந்துவிட்டது. திரையில் இடது பாதியில் பாடத்தை வைத்தேன், வலது பாதியில் என் குறிப்பு. கழுத்து வலிக்காதபடி எழுத்தைப் பெரிசாக்கிக்கொண்டேன். 'ஈரம்' என்று தட்டினால் முப்பத்தோரு இடம் வந்தது, முப்பத்தொன்றையும் பார்த்தேன். அப்புறம் 'பொறுப்பாளர்' என்று தட்டினேன். தேறியவருக்கு அவர்கள் வைத்த பெயர் அதுதான். இருநூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தில் போய் நின்றது.

அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். காய் பிரிக்கும் நாளெல்லாம் பொறுப்பாளர் ஆறு மணி நேரம் ஸ்டோரில் இருக்க வேண்டும். பிரிக்கிற இடம் கண்ணில் படும்படி மேஜை போட்டு உட்கார வேண்டும். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு மூட்டையும் வெளியே போகக் கூடாது.

நான் எதையும் மறைக்கவில்லை. சுருக்கத்தின் முதல் வரியிலேயே எழுதினேன்: பக்கம் 213, முழுசாகப் படிக்கவும்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் முதல் தவணையில் எழுதிய ஜக்கையன் தேறவில்லை. கடைத்தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் அவரிடம் மார்க் கேட்டார்கள். இவர் மாதிரித் தேர்வை மறுபடி எழுதிப் பார்த்தார். ஒன்பது. அன்று சாயங்காலம் கையில் பால்கோவாவோடு வந்தார்.

"ஹசீனா, நீயே எழுதிரேன்."

"வீட்டுப் பொம்பளைக்கு அங்க என்ன சோலி மச்சான்?"

"பேருக்குத்தான் புள்ள. சான்றிதழ் செவத்துல தொங்கும். நீ பாட்டுக்கு வீட்ல இரு."

"எழுதி வச்சத வாசிச்சீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு. வெரசாப் பேரைப் போடு, பன்னெண்டு மணிக்கு மூடிருவானாம்."

மூன்று முறை மறுத்தேன். மூன்றாவது மறுப்பில் குலாப்ஜாமூனும் வந்து சேர்ந்தது. விண்ணப்பத்தின் அடியில் ஒரு கட்டம்: பாடத்தில் கண்ட பொறுப்பாளர் நிபந்தனைகளை உரிமையாளர் படித்து ஒப்புக்கொள்கிறார். அதை நான் தொடவில்லை. வாசித்துவிட்டுத் தொடுங்கள் என்று சொல்லி லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கண்ணெடுத்தும் பார்க்காமல் தொட்டுவிட்டுக் குலாப்ஜாமூனில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

ஐம்பதுக்கு நாற்பத்தாறு வாங்கினேன். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு ஸ்டோரில் மாட்டினார். எல்லாம் தம்முடைய ஏற்பாடு என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டாராம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டோருக்குப் போனேன். அவர் வாசலில் போடிமெட்டு ஜீப்பிலிருந்து லோடு இறக்கிக்கொண்டிருந்தார். செல்லத்தாயும் இன்னொருத்தியும் மேஜையைத் தூக்கிக் காய் பிரிக்கிற இடத்துக்கு எதிரே போட்டார்கள். ஸ்டோரில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் உள்ளே வந்தார். யாரைக் கேட்டு வந்தாய் என்றார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். அடையாளம் வைத்த பக்கம் ஒரே தொடலில் வந்து நின்றது. வலது பாதியில் விண்ணப்பம், அதன் அடியில் பெரிய எழுத்தில் அவர் பெயரும், அவர் ஒப்புக்கொண்ட தேதியும்.

பன்னிரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். அவர் உதட்டை அசைத்து, விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். மறுபடியும் படித்தார். சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

நியாயமான கேள்வி. தட்டித் தேடிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அதற்கு மட்டும் ஒன்றும் போட்டிருக்கவில்லை.