நாலு சங்கங்களும் ரோஸ்வாண்டும் என் ஒரு கையெழுத்தும்

ஹின்டர்லான்,
வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

மதிப்பிற்குரிய மச்சான் கெப்ஹார்ட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை இர்ம்கார்டின் கணவன் வென்டலின் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் தங்கை நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வீட்டில் வேறு குறையில்லை. நீங்கள் பிரெகென்ஸில் மகள் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நன்றாகப் பாருங்கள். பதினெட்டு வருடம் ஊர்ப் பனிச்சரிவுக் குழுவில் இருந்துவிட்டு, போகிற போக்கில், "எனக்குப் பதிலா நம்ம வென்டலினைப் போடுங்க, பாதையை மூடாதே மூடாதேன்னு ஊர்லயே அதிகமாக் கத்துறவன் அவன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அதன் பலனை நான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: "தவறான ஆளைச் சொல்லிவிட்டேன், அவனை விட்டுவிடுங்கள்." காரணத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன். படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நம் ஊர் நாலு சங்கங்களை உங்களுக்குத் தெரியும். மலை மீட்புப் படை, சறுக்குக்காரர்களை மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் கம்பெனி, ஆல்ப்ஸ் சங்கம், சுற்றுலா அலுவலகம். மாதா கோவில் வாசலில்கூட ஒருவருக்கொருவர் தொப்பியைத் தூக்காதவர்கள். இவர்களைப் போன இலையுதிர் காலத்தில் மாநில அரசு கூப்பிட்டு, குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்களுக்குப் பொறுப்பு சொல்லித்தருவதென்றால் நாலு பேரும் சேர்ந்து செய்யுங்கள், இல்லையென்றால் பணத்துக்கு எங்களிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டது. உடனே சேர்ந்துவிட்டார்கள். கூட்டமைப்பு ஒன்று பிறந்தது. அதன் முதல் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன் மச்சான், இரண்டரை மணி நேரம் நடந்தது. அதில் இரண்டு மணி நேரம், சுவரொட்டியில் யார் சின்னம் முதலில் வர வேண்டும் என்பதைப் பற்றி. வரிசையாகப் போட்டால் கடைசியில் நிற்க யாருக்கும் மனமில்லை. வட்டமாகப் போடலாம் என்றார் ஆல்ப்ஸ் சங்கத்துப் பல் டாக்டர். சரி என்று எல்லோரும் மூச்சுவிட்டபோது, வட்டத்திலும் உச்சி என்று ஒன்று இருக்கிறதே என்றார் லிஃப்ட் கம்பெனி எகான். கடைசியில் வட்டத்தைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டார்கள். பனியைப் பற்றி எட்டு நிமிடம் பேசினார்கள். அதில் நாலு நிமிடம் காப்பி வந்துவிட்டது.

இந்த ஒற்றுமையைக் கொண்டாட ஒரு நாள் வேண்டுமல்லவா. "பனிச்சரிவுப் பாதுகாப்பு நாள்" என்று பெயர் வைத்து, நாளைக் காலை ஒன்பது மணிக்கு நானூறு பேர் மூன்று நாடுகளிலிருந்து வருகிறார்கள். எங்கே நடத்துவது? கால்பந்து மைதானம் சும்மாதான் கிடக்கிறது என்றேன். மைதானம் கால்பந்துக் கழகத்துடையது, கூட்டமைப்பில் இல்லாதவன் இடத்தில் கூட்டமைப்பு எப்படி நிற்கும் என்று என் வாயை அடைத்தார்கள். பிறகு சுற்றுலா அலுவலகத்து ரோமானா ஒரு வரைபடத்தை விரித்தாள். லிஃப்ட் கம்பெனியின் குத்தகை நிலம், ஆல்ப்ஸ் சங்கத்தின் பாதை, மீட்புப் படையின் பயிற்சித் திடல், சுற்றுலா அலுவலகத்தின் பனி நடைபாதை, நாலும் ஒரே புள்ளியில் வந்து தொடுகிற இடம் இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒன்றுதான் இருக்கிறதாம். அங்கே நின்றால் நாலு பேருமே வீட்டுக்காரர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் புள்ளி எது தெரியுமா? ரோஸ்வாண்ட் மலைச்சுவருக்கு நேர் கீழே கிண்ணம் மாதிரி இருக்கும் பள்ளம். நீங்கள் பதினெட்டு வருடத்தில் பதினாறு வருடம் மூடி வைத்த அதே கிண்ணம். நானும் கைதட்டினேன், மறைக்கவில்லை. நூற்றிருபது செட் பனிச்சறுக்குச் சாமான் என் கடையிலிருந்து வாடகைக்குப் போகிறது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கிண்ணத்தைத் திறக்க வேண்டுமென்றால் குழுவில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சங்கத்துக்கு ஒருவராக நாலு, ஊருக்கு ஒன்று. அந்த ஊர் நான்தான். இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. கூட்டத்துக்குப் போனால் காப்பியும் கேக்கும் கிடைக்கும் என்று மட்டும்தான் சொன்னீர்கள். புதிய உறுப்பினர் ஒரு முறையாவது பனிக்குழியைப் பார்க்க வேண்டும் என்பது விதியாம், அதனால் புதன்கிழமை காலை நோட்புர்காவோடு மேலே போனேன். உங்களுக்குத் தெரிந்த பெண்தான், பனியை அளந்து எழுதிவைக்கிறவள், வாக்கு இல்லாதவள். என் கடையில் வாங்கிய, பனி அள்ளும் வாரியை வைத்து ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினாள். குழியின் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு தூணைச் செதுக்கினாள். தூணின் தலையில் வாரியைக் கவிழ்த்து வைத்து, எத்தனையாவது தட்டில் சரிகிறதென்று பார்க்கத் தட்ட ஆரம்பித்தாள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. ஒன்றும் இல்லை. முழங்கையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் தூணின் மேல்பாதி, யாரோ மேசை இழுப்பறையை இழுத்ததுபோல, அப்படியே வழுக்கி என் மடியில் வந்து விழுந்தது மச்சான். அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சர்க்கரை மாதிரி உதிர்பனி. ஜனவரிக் குளிரில் வந்ததாம்.

நான் முப்பத்தொரு வருடமாக அந்த வாரியை விற்கிறேன். மாட்டுக்கொட்டகையில் எட்டு ஜோடி சறுக்குப் பலகையோடு ஆரம்பித்து இரண்டு மாடிக் கடை கட்டியவன். மார்பில் கட்டும் சிக்னல் பெட்டியை வாங்கும்போது, "இது இருந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்காத ஆள் இல்லை. "ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போங்க" என்று சொல்லாத நாளும் இல்லை. அன்றைக்கு மடியில் பனியோடு உட்கார்ந்து, "பெட்டிதான் இருக்கே" என்று நோட்புர்காவிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெட்டி காப்பாத்தாது வென்டலின் அண்ணே. உங்களை எங்கே தோண்டணும்னு சொல்லும். கால் மணி நேரத்துக்குள்ள தோண்டினா உங்களோட பேசலாம். அதுக்கப்புறம் தோண்டினா உங்களைப் பத்திப் பேசலாம்."

"அப்ப சனிக்கிழமை இதை மூடணும்ங்கிறியா?"

"நான் பனியை மட்டும்தான் சொல்வேன். கருத்து சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை."

மறுநாள், அதாவது நேற்று, ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொரு குழி. அதில் தோளிலிருந்து ஓங்கி முப்பதாவது தட்டு தட்டியும் தூண் அசையவில்லை. ஒரே மலை, இரண்டு பதில். நேற்று மதியம் குழு கூடியது. மாநில எச்சரிக்கை ஐந்தில் மூன்று என்று வந்திருந்தது. இந்த மூன்று என்ற எண்ணைப் போல மனிதனைக் கெடுக்கிற எண் வேறு கிடையாது. எகானுக்கு அது இரண்டு சொச்சமாகத் தெரிகிறது, பல் டாக்டருக்கு நடுத்தரம், ரோமானாவுக்கு அழகான ஒற்றைப்படை எண். மீட்புப் படைத் தலைவர் ஃபிடெலிஸ் மட்டும் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு படையின் புது மோப்ப நாய்களை நானூறு பேருக்கு முன்னால் காட்டப்போகும் நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது, இரண்டாவது குழியே சரியான குழி என்று சொல்லிவிட்டார். நாலு கையெழுத்தும் விழுந்தது. பேனா என்னிடம் வந்தது. நான் போட்டிருக்க வேண்டும். வாய் முந்திக்கொண்டது.

"முதல் குழி மடியில விழுந்துச்சே?" என்றேன்.

எகான் சிரித்தார். "யோவ் வென்டலின், நாப்பது மீட்புக்காரங்க, ஆறு நாய், ஹெலிகாப்டர் வேற வருதுய்யா. நாளன்னைக்குக் காலையில ஆல்ப்ஸ் முழுக்கத் தேடினாலும் இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது!"

"அந்த நாப்பது பேரும் எங்கே நிப்பாங்க?"

"வேற எங்கே, கிண்ணத்துலதான்."

"நாய்ங்க?"

"அதுகளும்தான். காட்டணும்ல?"

"மேல இருந்து வந்துச்சுன்னா யாரு தோண்டுவா?"

ரோமானாதான், "பக்கத்துப் பள்ளத்தாக்குப் படை வரும்ல" என்றாள்.

பல் டாக்டர் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "அவங்களைத்தான் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டிருக்கோமே, முதல் வரிசை" என்றார்.

நான் அதிர்ந்துபோய்விட்டேன் மச்சான். அதைவிட அதிர்ச்சி, அந்தப் பதிலைக் கேட்டு அங்கே வேறு யாருமே அதிரவில்லை. எகான் மேசையில் கையை ஊன்றி எழுந்தார். "முப்பது வருஷமா, மூடினா ஊரே நாசமாப் போயிடும்னு கத்தினவன் நீதானேய்யா. உன்னை உள்ள விட்டா எல்லாம் சுளுவா முடியும்னுதானே நாங்க உனக்குக் கை தூக்கினோம்!" அவர் சொன்னது முழுக்க உண்மை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தாளைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. கீழே லிஃப்ட் அடிவாரத்தில் சூப் கூடாரம் உங்கள் தங்கை பொறுப்பு. மூன்று நாளாக அறுநூறு பாலாடைக்கட்டி உருண்டை உருட்டி வைத்திருக்கிறாள். "என்னங்க, சரிவு வர்ற மாதிரி இருந்தா நாலு சங்கத்துக்காரங்களுக்குத் தெரியாதா, கையுறை விக்கிற உங்களுக்குத்தான் தெரியுமா?" என்று கேட்டாள். அதுதான் கடைசியாகப் பேசியது. இன்று காலையிலிருந்து கடைக்கு வந்தது ஒரே ஒரு ஆள். அவரும் பாக்கெட்டில் கையை விட்டபடி, "கேள்விப்பட்டது நிஜமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ரொட்டிக்கடைக்காரன் என் வணக்கத்துக்கு மாவைத் தட்டினான்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நான் வியாபாரி, பனி படித்தவன் இல்லை. தெரிந்தவர்கள் நாலு பேர் போட்டுவிட்டார்கள். முப்பது தட்டுக்கு அசையாத தூணை நானும் கண்ணால் பார்த்தேன். ஊரோடு பகைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஜோடிச் செருப்புகூட விற்க முடியாது. இந்தக் கடிதத்தை முடித்ததும் கையெழுத்தைப் போட்டு, ஊராட்சி அலுவலகத்துக்கு என் மகள் செஃபியிடம் கொடுத்தனுப்பிவிடுவேன். உங்கள் மருமகளுக்கும் நாளை வேலை இருக்கிறது. பயிற்சிக்கு மேலே போகும் முதல் குழுவுக்கு அவள்தான் பயிற்றுநர். நாலு சின்னமும் போட்ட சட்டை கொடுத்திருக்கிறார்கள், கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தாகிவிட்டது. நாளையோடு என் குழுப் பதவியும் முடியட்டும். ஊராட்சிக்கு நான் சொன்ன அந்த வரியை மறக்காமல் எழுதுங்கள்: வென்டலின் இதற்கு ஏற்ற ஆள் இல்லை. அதை நீங்கள் சொன்னால் மரியாதையாக இருக்கும், நான் சொன்னால் பயந்துவிட்டான் என்பார்கள்.

மூத்தவரான உங்களுக்கு என் வணக்கம். உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. முழங்காலை ஏரிக்காற்றில் காட்டாதீர்கள். உங்கள் தங்கையும் விசாரித்ததாக எழுதுகிறேன், பேசியிருந்தால் விசாரித்திருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
வென்டலின் சிடெரெர்.

பின்குறிப்பு: மணி ஐந்தே முக்கால். மேலே கேட்டதை எதையும் செய்யாதீர்கள். ஊராட்சிக்கு எழுத வேண்டாம்.

தாளை எடுத்துப் பெயரில் பாதி எழுதிவிட்டேன். அப்போது செஃபி வண்டிச் சாவி கேட்டு வந்தாள். "காலையில எட்டு மணிக்கே மேல போயிடறேன்ப்பா, முதல் குழு என்னோடது" என்றாள். நான் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "நீ பத்தரை வரைக்கும் அம்மாகூடக் கீழ கூடாரத்துல நில்லு. முதல்ல மத்தவங்க போகட்டும்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை மச்சான், அதுவாக வந்தது. அவள் சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை. என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மத்தவங்கன்னா யாருப்பா?"

இந்த வாரம் முழுக்க அடுத்தவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் அதிர்ந்துகொண்டிருந்தேன். இப்போது என்னை அதிரவைத்தது என் வாயிலிருந்து வந்ததுதான். எழுதிய பாதிப் பெயரை அடித்துவிட்டு, "மூட வேண்டும்" என்று எழுதி, அதன் கீழே முழுப் பெயரையும் போட்டேன். செஃபி அதை வாங்கிக்கொண்டு ஓடினாள், இந்நேரம் கொடுத்திருப்பாள். எகான் தெருவில் வருகிறார், வருகிற வேகத்தில் குல்லாய்கூட இல்லை. அவர் மகனும் முதல் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறான். அவனை நாளை எத்தனை மணிக்கு மேலே அனுப்புவதாக இருந்தார் என்று மட்டும் கேட்கப் போகிறேன்.