அரை ஷட்டர் அண்ணன்

கம்ப்யூட்டர் நின்றுபோனதற்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கித் துக்கம் காத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஆரணியில் இருந்தார். நான் அவரிடம் வேலை பார்த்தேன். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

தெருவில் இறுதி ஊர்வலம் போனால் எல்லாக் கடைக்காரர்களும் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள், தாண்டியதும் ஏற்றிவிடுவார்கள். அண்ணன் அப்படியில்லை. மேளச் சத்தம் காதில் மறைகிற வரை ஏற்ற மாட்டார். பக்கத்துத் தெரு சாவுக்கும் இறக்குவார். எதிர்க்கடைக்காரரின் ஆடு லாரியில் அடிபட்டபோதும் இறக்கினார். அதனால் ஊருக்கே அவர் அரை ஷட்டர் அண்ணன்.

இன்னொரு குணமும் உண்டு. யார் எது கேட்டாலும் அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. பெரணமல்லூர்த் தெருக்கூத்துக்கு நன்கொடை கொடுப்பார், ஊதுபத்தி விற்பவரிடம் ஒரு டஜன் வாங்குவார், சைக்கிள், குடை எல்லாம் இரவல் போகும். குடை திரும்பி வராது. கேட்டால், "கேக்கறதுக்கே அவங்க எவ்ளோ கூச்சப்பட்டிருப்பாங்க? அதுக்கு மேல நாம வேற இல்லன்னு சொல்லணுமாம்மா?" என்பார்.

கடை, பட்டுப் புடவை டிசைன் சென்டர். பார்டரைக் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வரைந்து, அதைப் பார்த்து அட்டைகளில் துளை போட்டுத் தருவோம். அந்த அட்டை தறிமேல் ஏறினால்தான் புடவையில் அன்னமோ மயிலோ வரும். இன்டர்நெட் டெலிபோன் வழியாகக் கரகரத்துக்கொண்டு வந்த காலம் அது. நான் டிப்ளமோ முடித்துச் சேர்ந்த முதல் நாள், அண்ணன் கீபோர்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். எவ்வளவு சுத்தமான முதலாளி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தால், ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். திரை முழுக்க நீலம். அதன் முன்னால் அண்ணன் கைகட்டி நின்றார். மஞ்சள் பையோடு போன ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"யாருங்க தவறிட்டாங்க?"

"கம்ப்யூட்டருங்க."

"எத்தினி வயசு?"

"ரெண்டு கூட முடியலீங்க."

"சின்ன வயசு," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பாத்துகினு இருந்தீங்களா?"

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரைப் பார்க்கிற பார்வை அது.

மெஷினில் ஒரு புது அப்டேட் ஏறியிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்ட சற்று நேரத்தில் நீலம். என்னிடம் முறை உண்டு. முதலில் மெமரி: கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அடுத்து சூடு: ஃபேனில் அடைந்திருந்த பட்டுத் தூசியை எடுத்தேன். பிறகு மின்சாரம், வைரஸ். கடைசியாக அப்டேட்டையே நீக்கினேன். சாயங்காலம் கம்ப்யூட்டர் கிண்ணென்று ஓடியது. அண்ணன் ஷட்டரை ஏற்றி, "எங்க இன்ஜினியரம்மா பொழைக்க வெச்சிட்டாங்க!" என்று தெருவுக்கே அறிவித்தார்.

மறுநாள் காலை ஷட்டர் பாதியில் இருந்தது.

அதே அப்டேட், அதே நீலம். நீக்கினேன், ஓடுவதற்குள் மத்தியானமாகிவிட்டது. அடுத்த நாளும் அரை ஷட்டர். டீக்கடைக்காரர் துக்க வீட்டுக்கு அனுப்புவது போலச் சர்க்கரை இல்லாத டீ அனுப்ப ஆரம்பித்தார். பஸ்ஸில் ஒரு அம்மாள், "இன்னிக்கி எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தார். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன்.

இதில் சிரிக்க முடியாதவர் நெசவாளி செல்வி அக்கா. சேத்துப்பட்டு கல்யாண வீடு ஒன்றுக்கு முகூர்த்தப் புடவை அவருடைய தறியில். பாவு நூல் ஏற்றியாகிவிட்டது, அன்னப்பட்சி அட்டை வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நெய்ய ஆரம்பிக்காவிட்டால் ஆர்டரை வேறு தறிக்குக் கொடுத்துவிடுவதாக அவருடைய முதலாளி சொல்லியிருந்தார். நான் வரைந்த அன்னத்துக்குக் கழுத்து வந்திருந்தது, உடம்பு இல்லை. அக்கா தினமும் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பாரு கண்ணு, பாரு," என்று மட்டும் சொல்வார். எனக்கு முதுகு கூசும்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நான் போனபோது அண்ணன் அப்போதுதான் கடை திறந்திருந்தார், அக்கா பெஞ்சில் இருந்தார். அண்ணன் மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார், ஸ்விட்சைப் போட்டார். திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு அறிவிப்புப் பலூன் முளைத்தது. "வாங்க, வந்துட்டீங்களா," என்று அதனிடம் சொல்லிக்கொண்டே மவுஸைப் பிடித்து, 'யெஸ்' மேல் பவ்யமாக ஒரு அழுத்து அழுத்தினார்.

"அண்ணே! இன்னா பண்றீங்க?"

"தெனம் காலைல வந்து எதையோ வெச்சிக்கட்டுமான்னு கேக்குதும்மா. எப்படி இல்லன்னு சொல்றது?"

என் பட்டியலில் மெமரி இருந்தது, மின்சாரம் இருந்தது, பட்டுத் தூசிகூட இருந்தது. முதலாளி இல்லை.

ஒரு வாரத்து அவமானத்தில் கத்திவிட்டேன். "யார் எது கேட்டாலும் சரின்னுதான் சொல்வீங்களா? நமக்கு அது தேவையான்னு ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டீங்க?"

அண்ணன் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளியே நின்றுகொண்டார். அவருடைய வேட்டிக்கரை மட்டும் தெரிந்தது.

செல்வி அக்கா மெதுவாகச் சிரித்தார்.

"அவரு யோசிச்சிருந்தா நீ இங்க இருப்பியா கண்ணு? நீ வேலை கேட்டு வந்தப்ப இந்தக் கடைல ஏது கம்ப்யூட்டர்? கிராஃப் பேப்பர்ல வரைஞ்சிகினு இருந்தாரு. கம்ப்யூட்டர் படிச்சிருக்கேன், வேலை இருக்குங்களான்னு நீ கேட்டியாம். இருக்குதும்மா, அடுத்த வாரம் வான்னு அனுப்பிட்டு, ஜல்தி ஜல்தின்னு வேலூருக்கு ஓடிப்போய் வாங்கிகினு வந்தாரு மனுசன்."

பிரிக்காத பிளாஸ்டிக் உறை நினைவுக்கு வந்தது. காது சுட்டது. அக்காவைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்தேன். திரை அதற்குள் நீலமாகிவிட்டிருந்தது.

அப்டேட்டை நீக்கினேன். இனி எதையும் கேட்காதபடி செட்டிங்கையும் மாற்றினேன். சாயங்காலம் அன்னத்துக்கு வால்வரை வந்துவிட்டது. துளை போடப் போட அட்டைகளை வாங்கி அடுக்கிய அக்கா, கடைசி அட்டை கைக்கு வந்ததுமே தறிக்குக் கிளம்பினார்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து, வாசலில் நின்ற அண்ணனிடம் போனேன். "மன்னிச்சிடுங்கண்ணே" என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது, "இனிமே அது எதுவும் கேக்காதுண்ணே."

"ஏம்மா?" என்றார் கவலையாக. "கோவமா?"

இப்போது சென்னையில் எனக்குக் கீழே நிறைய மெஷின்கள் இருக்கின்றன. திரையின் மூலையில் ஏதாவது ஒன்று வந்து எதையாவது கேட்டால், 'நோ' மேல் விரலை வைக்குமுன் ஒரு கணம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.