பதினோராம் வளைவைப் பிடித்த கதை

எதற்கும் பயப்படாதவன் என்று சொல்லிக்கொள்கிறவனை நம்பாதீர்கள். போடியில் நாற்பது வருஷமாக அப்படிச் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

படித்தது அஞ்சாம் வகுப்பு. ஏலக்காய் மூட்டை சுமந்தே மலைமேல் இருபது ஏக்கர் தோட்டம் வாங்கினேன். (ஊரில் எவனையும் கேளுங்கள். கேட்காவிட்டாலும் நானே சொல்வேன்.) என் மகள் செல்வி கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறாள். பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஏன் அடித்துக்கொள்கின்றன என்பதில் இரண்டு கட்சி உண்டு என்றாள். மலையும் கணவாயும் ஆறும்தான் சண்டையைத் தீர்மானிக்கின்றன என்பது பழைய கட்சி. வரைபடத்தை யார் வரைந்தது, 'அவன் எதிரி' என்று யார் யாரிடம் சொன்னது, அதைப் பார் என்பது புதிய கட்சி. எனக்குப் பழையதே பிடித்தது. போடிமெட்டு மலையை என்னைவிடத் தெரிந்த பேராசிரியன் எவன்?

அந்தச் சமயம் பார்த்து அணைத் தண்ணீர்த் தகராறு. கேரளத்துக்குப் பஸ் நின்றுபோனது. தோட்டக்காரர்களின் வாட்ஸப் குழுவில், போடிமெட்டு ரோட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி என் ஞானத்தைப் பேசி அனுப்பினேன்: "பதினோராம் வளைவப் பிடிச்சவன் கையிலதான்யா மேலயும் கீழயும்."

மூன்றாம் நாள், மேலே காய் எடுப்புக்குப் போயிருந்த என் மனைவி பேச்சியம்மாளின் போன் அணைந்து கிடந்தது. அவளைக் கூட்டிவர டிரைவர் முருகனோடு ஜீப்பில் ஏறினேன். வளைவுக்கு ஒரு குலசாமியைக் கூப்பிட்டேன். (எங்களுக்கு இருப்பது ஒன்றுதான். மற்றவை அடுத்த வீட்டுக்காரர்களுடையவை.)

பதினோராவது வளைவில் மூடுபனி. ரோட்டுக்குக் குறுக்கே பாறாங்கல். அதன் பின்னால் பத்துப் பதினைந்து பேர், கையில் வெட்டுக்கத்தி. முருகன் "அண்ணே" என்றான். ஜீப்பை நிறுத்திவிட்டான். நான் பின்சீட்டுக்குக் கீழே விழுந்து, கிடந்த சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நெஞ்சு அடித்த அடியில் சாக்கு தூக்கித் தூக்கிப் போட்டது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

"ஆரா அது?"

தமிழன் என்று தெரிந்தால் கதை முடிந்தது. எனக்குத் தெரிந்த மலையாளமோ ஏலக்காய் யாவாரத்தில் கற்றது மட்டும்தான். சாக்குக்குள்ளிருந்தே விலை கேட்டேன்: "கிலோவுக்கு எத்ர?"

சாக்கு விலகியது. பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரி வர்கீஸ், எனக்கு இருபது வருஷப் பழக்கம்.

"எந்தா முதலாளி, சாக்குக்குள்ள என்ன சோலி?"

வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். கீழேயிருந்து ஒரு படை இந்த வளைவைப் பிடிக்க வருகிறது என்று செய்தி பரவியதாம். மேலே இருந்த தமிழரும் மலையாளியும் பயந்துபோய், சேர்ந்தே மறித்தார்களாம். ஆதாரம் இருக்கிறது என்று போனில் வந்திருந்த குரலை ஓடவிட்டான். பேசியது நான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வந்தாள். "இது எங்க வீட்டு மனுசன் குரலு, இதுக்கு எதுக்கு இத்தாம் பெரிய கல்லுன்னு அப்பவே சொன்னேன். ஒருத்தரும் கேக்கல."

பிறகு செல்வி முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மலை சும்மாத்தான்ப்பா நின்னுச்சு. நீங்கதான் வாய விட்டீங்க." புதிய கட்சிக்கு அவள் வகுப்பில் இப்போது நான்தான் உதாரணம்.

வீட்டில் நான் உலக விஷயம் பேச ஆரம்பித்தால் பேச்சியம்மாள் குறுக்கே பேசுவதில்லை. உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்துவந்து என் பக்கத்தில் வைக்கிறாள்.